நியூட்ரினோ என்னவென்று புரிந்த பிறகும் ஏன் வேண்டாம் என்றார்கள்?

தேவாரத்து வாத்தியார் | வெள்ளி, இரவு 9.20

பேத்திக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி. தலைப்பு 'அறிவியல் மனப்பான்மை'. மூன்று நிமிடம். "மக்களுக்கு அறிவியல் தெரியாததால்தான் அறிவியல் திட்டங்களை எதிர்க்கிறார்கள்" என்று முதல் வரி எழுதிவிட்டு, சரியா தாத்தா என்று கேட்டாள். முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் சபாஷ் என்றிருப்பேன். நேற்று வாய் வரவில்லை.

காரணம் இதுதான். நியூட்ரினோ என்பது எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் கடந்து போகிற மிக நுண்ணிய துகள். 2015 ஜனவரியில் அதை ஆராயும் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் பக்கம் அம்பரப்பர் மலையைக் குடைந்து, மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருக்கும்படி உள்ளே 50,000 டன் இரும்பு அடுக்கிக் காந்தமாக்கி, வளிமண்டலத்தில் உண்டாகிற நியூட்ரினோக்களைப் பிடிப்பது திட்டம். ஊரெல்லாம் பயம். திட்டத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நம் ஊரில் இப்படி ஒன்று வருகிறதே என்ற ஆசை, அவ்வளவுதான். நானே ஒரு சார்ட் எழுதிக்கொண்டு வண்டியில் ஊர் ஊராகப் போனேன்.

ஒரு சாயங்காலம், வேப்பமரத்தடி, இருபது பேர் இருப்பார்கள். கட்டைவிரலை நீட்டச் சொன்னேன். "இந்த நகத்து வழியா நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல போகுது, பொறந்ததுலேர்ந்து போகுது, ஒண்ணும் ஆகல பாருங்க" என்றேன். மலை எதற்கு என்றும் சொன்னேன். வானத்திலிருந்து வேறு துகள்களும் கொட்டுகின்றன, பாறை அவற்றைத் தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் நுழையும் என்று. ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அதாவது சார், கல்யாண வீட்டுல ரகசியம் பேசணும்னா உள்ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிற மாதிரி."

இதைவிட அழகாக என் வகுப்பில் எந்தப் பையனும் சொன்னதில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம் அவரே கேட்டார். "சரி சார். கொடஞ்ச கல்லு எங்க போகும்? லாரி எந்தப் பாதையில வரும்? கேட்டு போடுவாங்களா? நான் ஆடு பத்துற எடம் கேட்டுக்கு உள்ளயா வெளியயா?"

நான்கு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. "சாருக்கு வானத்துல நடக்குறது எல்லாம் தெரியுது" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பெரியவர் கடைசியில் வேண்டாம் என்றுவிட்டார்.

அவருக்குப் புரிந்தது. புரிந்தும் வேண்டாம் என்றார். பேத்தியின் முதல் வரியை என்ன செய்வது?

தர்க்கன் | வெள்ளி, இரவு 9.51

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு ஆட்டுக்காரரை வைத்து ஊரையே எடை போடக்கூடாது. அந்த வருஷங்களில் என்னென்ன பரவியது என்று நினைவிருக்கிறதா? மலைக்குள் அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள், அமெரிக்காவிலிருந்து பூமிக்குள் வழியாகக் கதிரை அனுப்பப் போகிறார்கள், நியூட்ரினோ ஆயுதம். பாதிப் பேர் அணுக்கருவுக்குள் இருக்கிற நியூட்ரானையும் நியூட்ரினோவையும் ஒன்று என்றே நினைத்தார்கள். மேடையில் பேசியவர்கள் உட்பட.

ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் ஒழுங்காகத் தெரிந்திருந்தால் இதில் முக்கால்வாசி எடுபட்டிருக்காது. பேத்தி எழுதியது சரி. வரியை அடிக்க வேண்டாம்.

சல்லடை | வெள்ளி, இரவு 10.04

நியூட்ரான் குண்டு போட்டால் மனிதர்கள் மட்டும் சாவார்கள், கட்டடம் அப்படியே நிற்கும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பெரியப்பா அதற்குக் கீழே "வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கும்?" என்று கேட்டிருந்தார்.

அரைகுறை முனைவர் | வெள்ளி, இரவு 11.37

ஆய்வேடு முடிக்காமல் இழுத்துக்கொண்டிருப்பதே இந்தத் தலைப்பில்தான். தூக்கம் போச்சு.

தர்க்கன் சொல்வதற்குத் துறையில் பெயரே உண்டு, பற்றாக்குறைப் பார்வை. மக்கள் காலிக் குடம், விஞ்ஞானி குழாய், திறந்துவிட்டால் நிரம்பும், நிரம்பினால் ஆதரவு வரும். 1985-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கம் வால்டர் பாட்மர் தலைமையில் ஒரு அறிக்கை வெளியிட்டது. பொதுமக்களுக்கு அறிவியல் புரிய வேண்டும், அதைப் புரியவைப்பது விஞ்ஞானிகளின் கடமை என்று சொன்ன அறிக்கை. அதிலிருந்து கருத்துக்கணிப்புகள் பெருகின. ஜான் டூரன்ட் குழு 1989-இல் வெளியிட்ட கணக்கு அங்கே பெரிய பேச்சானது: பூமி சூரியனை ஒருமுறை சுற்ற ஒரு வருஷம் ஆகும் என்று சரியாகச் சொன்னவர்கள் பிரிட்டனில் 34 சதவீதம், அமெரிக்காவில் 46. இதைச் சொன்னால் நம் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

குடம் காலி என்று தெரிந்ததும் ஊற்ற ஆரம்பித்தார்கள். பிறகு, தெரிந்தவர்கள்தான் ஆதரிக்கிறார்களா என்று பார்த்தார்கள். பல நாடுகளில் எடுத்த கிட்டத்தட்ட இருநூறு கணிப்புகளை ஒன்றாகப் போட்டு நிக் ஆலம் குழு 2008-இல் கணக்கிட்டது. அறிவுக்கும் ஆதரவுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் மெலிசான நூல்.

இன்னொன்று இதைவிட ருசி. எவன்ஸ், டூரன்ட் இருவரும் 1995-இல் பிரிட்டன் தரவைப் பிரித்துப் பார்த்தார்கள். 'பொதுவாக அறிவியல் நல்லதா' என்று கேட்டால், அதிகம் தெரிந்தவர்கள் நல்லது என்றார்கள். மனிதக் கரு ஆராய்ச்சி மாதிரி மனசாட்சி சம்பந்தப்பட்ட ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்டபோது, அதிகம் தெரிந்தவர்களிடம்தான் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. வாத்தியாரின் ஆட்டுக்காரர் அந்தத் தரவுக்குள்ளும் இருக்கிறார்.

தர்க்கன் | சனி, காலை 7.12

> தொடர்பு உண்டு, ஆனால் மெலிசான நூல்

நூல் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அப்புறம் என்ன?

அரைகுறை முனைவர் | சனி, காலை 8.40

இருக்கிறது சார், மறுக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்காதீர்கள் என்கிறேன்.

2012-இல் டேன் கஹான் குழு அமெரிக்காவில் 1,540 பேரிடம் காலநிலை மாற்றம் எவ்வளவு ஆபத்து என்று கேட்டது. குடம் நிரம்பியவர்கள் எல்லோரும் 'பெரிய ஆபத்து' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நடந்தது வேறு. அறிவியலும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இரண்டு முகாமாக அதிக தூரம் பிரிந்து நின்றார்கள். அவரவர் கட்சிக்கு ஏற்ற வாதத்தைத் தேடி எடுக்க அந்த அறிவு உதவியிருக்கிறது. நன்றாக வாதாடத் தெரிந்தவர் தன் வழக்குக்குத்தானே வாதாடுவார்!

கிராமச் செவிலி | சனி, பிற்பகல் 2.15

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம். ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயதுக்குள் எல்லோருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் பிள்ளைகள். தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிட்டது. போட்டால் பின்னால் பிள்ளை பெற முடியாது என்றார்கள், வெளிநாட்டுச் சதி என்றார்கள்.

என் பகுதியில் ஒரு பாதி கிராமம், ஒரு பாதி நகரத்தை ஒட்டிப் புதிதாக வந்த வீடுகள். அந்தப் புது வீடுகளில் ஒரு அப்பா, பொறியாளர், பத்துப் பக்கம் அச்செடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். "உயிருள்ள வைரஸ்தானே போடுறீங்க?" என்று கேட்டார். ஆமாம், வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ்தான். அவர் சொன்னதில் தப்பில்லை. குப்பியில் கலந்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் போட வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எப்போது கலந்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவும் கேட்டுவிட்டு, என் மகளுக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கிராமத்துப் பள்ளி. ஒரு அம்மா, எழுதப் படிக்கத் தெரியாது. ரூபெல்லா என்று சொல்ல வரவில்லை, "ரூபாய் ஊசி" என்றாள். கர்ப்பிணிக்கு அந்த நோய் வந்தால் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம், கண்ணில் புரை வரலாம், இதயத்தில் கோளாறு வரலாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "உங்க புள்ளைக்குப் போட்டீங்களா?" போட்டேன், நேற்றே, என் மகன் ஆறாம் வகுப்பு என்றேன். "சரி போடுங்க. காய்ச்சல் வந்தா உங்களத்தான் கூப்பிடுவேன்."

கூப்பிடவும் செய்தாள். பத்தாம் நாள், ராத்திரி பதினொன்றரைக்கு. லேசான காய்ச்சல், சில குழந்தைகளுக்கு வரும், இரண்டு நாளில் சரியாகும். போனில் சொன்னால் போதும்தான். ஆனால் நேரில் போனேன். போகாமல் இருந்திருந்தால் அடுத்த ஊசிக்கு அந்தத் தெருவில் ஒரு கதவும் திறந்திருக்காது.

தர்க்கன் | சனி, மாலை 3.02

அக்கா, உங்கள் வேலைக்குக் கும்பிடு. இதில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

"உங்க புள்ளைக்குப் போட்டீங்களா" என்பது நல்ல கேள்விதான், ஆனால் அது சோதனை ஆகாது. 1990 மே மாதம் பிரிட்டனில் மாட்டுப் பைத்திய நோய் பயம். வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன்னால் தன் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்டப் பார்த்தார். பாருங்கள், என் மகளே சாப்பிடுகிறாள் என்று. ஆறு வருஷம் கழித்து, 1996 மார்ச்சில், அந்த நோய் மனிதருக்கும் வந்திருக்கலாம் என்று அதே கட்சியின் அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மகளுக்குக் கொடுத்தார் என்பதற்காக நம்பியவர்கள் என்ன ஆவது?

நம்பிக்கை நல்லவரிடமும் போகும், போலிச் சாமியாரிடமும் போகும். அறிவு இருந்தால்தான் இரண்டையும் பிரிக்கலாம். அந்த அம்மாவுக்கு நீங்கள் வாய்த்தீர்கள். வாய்க்காத ஊர்?

அரைகுறை முனைவர் | சனி, மாலை 3.30

இந்த எடுத்துக்காட்டை என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ஆனால் முடிவு உங்கள் பக்கம் வராது. அந்த மாட்டு விவகாரம் எல்லாம் முடிந்து, 2000-இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒரு அறிக்கை எழுதியது. மக்களுக்கு அறிவியல் மேல் ஆர்வம் குறையவில்லை, அரசுக்கு ஆலோசனை சொல்லும் அறிவியல்மேல்தான் நம்பிக்கை போய்விட்டது, இனி ஒருவழிப் பேச்சு போதாது, உரையாடல் வேண்டும் என்றது. பாட்மர் அறிக்கைக்கும் இதற்கும் நடுவில் 15 வருஷமும் நாலு கோடி மாடுகளின் பயமும்... சரி, எண்ணிக்கையை விடுங்கள், அது நானாகச் சொன்னது.

கிராமச் செவிலி | சனி, மாலை 4.10

தர்க்கன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமைச்சர் மகளுக்கு ஊட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். அவரை ராத்திரி பதினொன்றரைக்கு யார் கூப்பிட முடியும்?

வாழைத்தோப்பு | சனி, இரவு 8.05

நான் கம்பம் பக்கம். வாத்தியாரைத் தெரியாது, ஆனால் அந்தக் கேள்வி கேட்ட ஆளை எனக்குத் தெரியும், எங்கள் பக்கம் எல்லாரும் அந்த ஆள்தான்.

எங்களை அறிவியலுக்கு எதிரி என்று அப்போது டிவியில் பேசினார்கள். சிரிப்புத்தான் வந்தது. எங்கள் தோட்டத்தில் நிற்கிறது திசு வாழை. ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பியில் வளர்த்த கன்று. எப்படி வளர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதலில் நட்டார், எல்லாத் தாரும் ஒரே நேரத்தில் வெட்டுக்கு வந்தது, மறுவருஷம் நானும் நட்டேன்.

இன்னொன்று. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டியது. கட்டிய பென்னிகுயிக் பிறந்தது ஜனவரி 15. ஒரு வெள்ளைக்கார இஞ்சினியருக்குப் பொங்கல் வைக்கிற ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கும். பிள்ளைக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். சுரங்கம் என்றால் என்ன, மலையில் வெடி வைத்தால் என்ன என்று எங்களுக்குப் பாட்டன் காலத்திலிருந்து தெரியும்.

2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையில் குமுளியை நோக்கி எங்கள் சனம் எப்படிப் போனது என்று எல்லாரும் பார்த்தீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகமும் அந்தத் தண்ணீர்தான். அந்தச் சூடு ஆறும் முன்பே வந்து பக்கத்து மலையில் வெடி வைக்கப்போகிறோம் என்றால், நியூட்ரினோவுக்கு எடை உண்டா இல்லையா என்றா கேட்போம்? அணைக்கு என்ன ஆகும், தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள் என்றுதான் கேட்போம்.

தர்க்கன் | சனி, இரவு 8.33

அண்ணே, இது அறிவியல் மேல் மரியாதை இல்லை, தண்ணீர் மேல் மரியாதை. பலன் வந்தால் படம் மாட்டுவது, வராவிட்டால் மறியல் செய்வது. நியூட்ரினோவில் ஒருபோதும் லாபம் வராது. வராத ஒன்றுக்கும் ஆதரவு வேண்டும் என்றால் அறிவு வேண்டாமா?

வாழைத்தோப்பு | சனி, இரவு 8.41

வேண்டும்தான். லாபம் வராது என்று அப்போதே இப்படி நேராக ஒருத்தர் சொல்லியிருந்தால் கொஞ்சம் நம்பியிருப்போம். அதனால் மருத்துவம் வரும், வேலை வரும், ஊர் உலக வரைபடத்தில் வரும் என்றெல்லாம் ஆளுக்கொன்று சொல்லக் கேட்டபோதுதான் சந்தேகமே வந்தது.

சல்லடை | சனி, இரவு 9.15

நடுவில் ஒரு வீட்டுச் செய்தி. 2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். திண்டுக்கல்லில் நன்றாகத் தெரிந்தது. என் அம்மா வேதியியல் பட்டதாரி. நிலா எப்படிக் குறுக்கே வருகிறது என்று என் மகனுக்கு எலுமிச்சம்பழத்தையும் ஆரஞ்சையும் வைத்துப் பிசகாமல் விளக்கினாள். விளக்கிவிட்டு, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினாள். கிரகணத்தின்போது மட்டும் நிற்குமாம். நின்றது.

கிரகணம் முடிந்தது. உலக்கை இன்னும் நின்றது. சாயங்காலம் வரை நின்றது. யாரும் ஒன்றும் பேசவில்லை. ஏழு மணிக்குச் சமையலறையில் இடம் பற்றவில்லை என்று அம்மாவே எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டாள்.

உவரிக்காரி | ஞாயிறு, காலை 6.50

கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். அப்பா மீன்பிடித் தொழில், நான் மின் பொறியியல். கூடங்குளம் அணு உலை பற்றி ஒருத்தரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1988-இல் ஒப்பந்தம், 2002-இல் கட்டுமானம். அவ்வப்போது எதிர்ப்பு இருந்தது, பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டு இருந்தோம். 2011 மார்ச் 11 ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. உலைக் கட்டடம் வெடித்ததை எங்கள் வீட்டு டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஏற்கெனவே 2004 சுனாமியை நேரில் பார்த்த சனம். மின்சாரம் போனால் குளிர்விக்கும் பம்பு நிற்கும், பம்பு நின்றால் உலை உருகும் என்று எங்கள் அத்தைமார் அதற்கு முன் அறிந்ததில்லை. ஒரே மாதத்தில் அறிந்துகொண்டார்கள். இடிந்தகரைப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர்களுக்கு அணு உலை பற்றிப் போன வருஷத்தைவிட அதிகம் தெரிந்திருந்தது. அறிவு கூடியது, பயமும் கூடியது. குடம் நிரம்பினால் ஆதரவு வரும் என்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

2011 நவம்பர் 6 அன்று கலாம் ஐயா வந்து உலையைப் பார்த்துவிட்டுப் பாதுகாப்பானது என்றார். அவரும் கடற்கரைக்காரர். அவர்மேல் எங்களுக்குள்ள மரியாதை துளியும் குறையவில்லை, இன்றும் வீட்டில் படம் இருக்கிறது. ஆனாலும் பந்தல் கலையவில்லை. என் அத்தை சொன்னது: "அவரு நல்லவருதான், ஆனா சாயங்காலம் கிளம்பிடுவாரே."

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2012-இல் மதுரையிலும் கோவையிலும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. அங்கிருந்து "உலையை உடனே ஓட்டு" என்று குரல் வந்தது. அவர்களுக்கு அணு இயற்பியல் எங்களைவிட அதிகம் தெரியுமா? வியர்வை. வேறொன்றும் இல்லை. ஆதரித்தவரை யாரும் பாடம் படித்துவிட்டு வா என்று சொல்வதில்லை. எதிர்த்தால் மட்டும் பாடம் எடுக்க வந்துவிடுகிறார்கள்.

தர்க்கன் | ஞாயிறு, காலை 9.26

> ஆதரித்தவரை யாரும் பாடம் படித்துவிட்டு வா என்று சொல்வதில்லை

இந்த வரிக்கு என்னிடம் இப்போதைக்குப் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 11.00

கூடங்குளம் சரியா தப்பா என்ற சண்டைப் பதிவுகள் ஒன்பதைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே தலைப்போடு நிற்கவும். ஆளைத் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கிவிட்டேன்.

அரைகுறை முனைவர் | ஞாயிறு, பிற்பகல் 1.48

உவரிக்காரி அக்காவின் அத்தையைப் படித்ததும் பிரையன் வின் என்ற சமூகவியலாளர் எழுதிய ஆடுகள் நினைவுக்கு வந்தன. நீளமாகப் போகும், பொறுங்கள்.

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை விபத்து. மே முதல் வாரம் அந்த மேகம் பிரிட்டன் மேல் போகும்போது வடமேற்கே கம்பிரியா மலைகளில் நல்ல மழை. கதிரியக்கச் சீசியம் புல்லில் இறங்கியது. ஜூனில் ஆடு விற்கத் தடை. மூன்று வாரம்தான், மண் சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு வராது, சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். மூன்று வாரம் முடிந்தது, சரியாகவில்லை. காரணம் என்னவென்றால் அவர்கள் வைத்திருந்த கணக்கு களிமண் நிலத்துக்கானது. கம்பிரியா மலைமேல் இருப்பது அமிலத் தன்மையுள்ள, செடிகொடி மக்கி உண்டான கரி மண். அதில் சீசியம் கட்டுப்படாமல் திரும்பத் திரும்பப் புல்லுக்கு ஏறியது. ஒரு கட்டத்தில் நாடு முழுக்க 40 லட்சத்துக்கு மேல் ஆடுகள் தடைக்குள் இருந்தன. கடைசிப் பண்ணைக்குத் தடை நீங்கியது 2012-இல். மூன்று வாரம் என்றது 26 வருஷம்.

இது கணக்குத் தப்பு, யாருக்கும் வரும். எனக்குப் பிடித்தது இதன் நடுவில் வருகிற ஒரு சின்னச் சம்பவம். பென்டோனைட் என்ற களிப்பொடியைப் புல்லில் தூவினால் ஆட்டு உடம்பில் சீசியம் குறைகிறதா என்று பார்க்க, மலையில் வேலி போட்டு ஆடுகளை அடைத்து ஒப்பிட்டார்கள். பண்ணைக்காரர்கள் அன்றைக்கே சொன்னார்கள்: எங்கள் ஆடு திறந்த மலையில் திரிகிற ஆடு, அடைத்தால் மெலிந்துபோகும், உங்கள் அளவே கோணலாகிவிடும். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு அதே காரணத்தால் சோதனையைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது பக்கத்திலேயே செல்லாஃபீல்ட் அணு நிலையம். 1957-இல் தீப்பிடித்த இடம். இந்தச் சீசியத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று பண்ணைக்காரர்கள் கேட்டார்கள். இல்லை, எல்லாம் செர்னோபில், எங்களால் பிரித்துச் சொல்ல முடியும் என்று விஞ்ஞானிகள் அடித்துச் சொன்னார்கள். மூன்று வாரம் என்று அடித்துச் சொன்னவர்களும் அவர்கள்தானே? பண்ணைக்காரர்களுக்கு அணு இயற்பியல் தெரியாது. யார் எப்போது அளவுக்கு மீறி உறுதியாகப் பேசினார்கள் என்று தெரியும். அதையும் ஒரு அறிவாகத்தான் எண்ண வேண்டும் என்கிறார் வின்.

வாழைத்தோப்பு | ஞாயிறு, பிற்பகல் 2.20

மலை ஆட்டைப் பட்டியில் அடைத்தால் இளைக்கும் என்று தெரிய வின் வேண்டுமா தம்பி. எங்கள் ஊர்ச் சின்னப் பையன் சொல்வான்.

அரைகுறை முனைவர் | ஞாயிறு, பிற்பகல் 2.24

அதைத்தான் அவர் பக்கம் பக்கமாக எழுதினார் அண்ணே. எங்கள் பிழைப்பு அது.

சல்லடை | ஞாயிறு, மாலை 5.00

வாத்தியாரே, கேள்வி போட்டுவிட்டு ஆளைக் காணோம். கடைசியில் மலை என்ன ஆச்சு?

தேவாரத்து வாத்தியார் | ஞாயிறு, இரவு 8.55

வீட்டில் விருந்தாளி. எல்லாம் படித்தேன்.

மலை அப்படியே இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பார்த்த இடம் நீலகிரியில் சிங்காரா, முதுமலைப் புலிகளால் அது கைவிட்டுப் போய் இங்கே வந்தது. 2015 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு புதிதாக அனுமதி கொடுத்தது. அந்த நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதி செல்லும், ஆனால் வனவிலங்கு வாரியத்திடம் போங்கள் என்றது, கேரள எல்லையில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதால். 2021-இல் முதல்வராக இருந்த ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடச் சொல்லிப் பிரதமரிடம் கேட்டுக்கொண்டார். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாது என்று மனு போட்டது.

தர்க்கன் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த மனுவில் நியூட்ரினோ ஆயுதம் இல்லை. புலிகளின் வழித்தடம் என்று இருந்தது. வதந்தி கூட்டம் சேர்த்தது உண்மைதான், எனக்கு அதில் இன்னும் ஆற்றாமை உண்டு. என் மாணவன் ஒருவன் மேடையில் ஏறி நியூட்ரானைப் பற்றி முழங்கியபோது கீழே உட்கார்ந்து கேட்டேன். ஏழாம் வகுப்பிலிருந்து என்னிடம் படித்தவன்.

எனக்கு ஆய்வகம் வேண்டும் என்ற ஆசை இன்னும் போகவில்லை. காற்றுமண்டல நியூட்ரினோவை உலகத்திலேயே முதலில் பிடித்த இடங்களில் ஒன்று நம் பக்கத்துக் கோலார் தங்கச் சுரங்கம், 1965-இல். அந்த வயிற்றெரிச்சல். சீனாவில் ஜியாங்மென்னில் 20,000 டன் திரவம் நிரப்பிய கருவி 2025-இல் வேலையை ஆரம்பித்துவிட்டது. படிக்கிறபோது சந்தோஷமாகவும் இருக்கிறது, தொண்டையில் ஏதோ அடைக்கவும் செய்கிறது.

ஆனால் செவிலி அம்மா எழுதியதைப் படித்தபின் ஒன்று தோன்றியது. நான் அன்று வேப்பமரத்தடியிலிருந்து திரும்பினேன் அல்லவா, மறுபடி போகவில்லை. கல் எங்கே போகும், லாரி எந்தப் பாதை என்று நாலு இடத்தில் விசாரித்துப் பதில் கொண்டுபோயிருக்கலாம். தெரியவில்லை என்றாவது போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த ஊருக்கு அதே சார்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். கட்டைவிரலை நீட்டச் சொன்னேன்.

தர்க்கன் | ஞாயிறு, இரவு 9.30

வாத்தியாரே, நான் இன்னும் என் கட்சியில்தான் நிற்கிறேன், அந்த மேடைக்கு எதிராக நிற்கப் பாடம் வேண்டும். ஆனால் பேத்தியின் வரியில் 'தான்' என்ற சொல் இடிக்கிறது. "தெரியாததால்தான்." அதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

கிராமச் செவிலி | ஞாயிறு, இரவு 9.41

அந்த ஆட்டுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார் ஐயா?

தேவாரத்து வாத்தியார் | திங்கள், காலை 6.30

விசாரிக்கிறேன் அம்மா. சனிக்கிழமை அந்தப் பக்கம் ஒரு காதுகுத்து இருக்கிறது.

பேத்தியிடம் இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே ஆட்டுக்காரரின் நான்கு கேள்விகளையும் எழுதியிருக்கிறாள். மூன்று நிமிடத்துக்குள் முடியாதே என்றேன். "கேள்வி நாலும் சொல்ல இருபது விநாடிதான் தாத்தா, பார்த்தேன்" என்கிறாள். இப்போது பள்ளி வேன் வந்துவிட்டது.